பல்செட் அக்ரிலிக்கில் நானோ தூள்: வலு எங்கிருந்து வருகிறது, எங்கே தொலைகிறது

உடைந்துபோய் லேபுக்குத் திரும்பி வரும் மேல்தாடைப் பல்செட்டைப் பார்த்தால், பெரும்பாலும் நடுக்கோட்டிலேயே இரண்டாகப் பிளந்திருக்கும். விரிசல் தொடங்கும் இடமும் ஏறக்குறைய ஒன்றுதான். மேலுதட்டையும் ஈறையும் இணைக்கும் சதைமடிப்புக்கு வழிவிட, பல்செட்டின் முன்விளிம்பில் ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். அதன் மூலையில் தொடங்கி அண்ணத்தின் ஊடே பின்னால் ஓடும். ஆண்டுகள் போகப் போக ஈறெலும்பு தேயும், அண்ணத்தின் நடுமேடு தேயாது. அந்த மேட்டின் மேல் பல்செட் ஊஞ்சலாடத் தொடங்கியதும் ஒவ்வொரு கடியிலும் இரு பக்கமும் வளைந்து மீளும். ஒரு தடவை வளைவதால் ஒன்றும் ஆகாது. பல லட்சம் தடவை வளைந்த பிறகு, ஒருநாள் இட்லி சாப்பிடும்போதுகூட உடையும். "மெத்துனு இட்லிதான் சாப்பிட்டேன், உடைஞ்சிடுச்சு" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. விரிசல் முந்திய வருடமே தொடங்கிவிட்டது.

உடைவதற்கு இரண்டாவது வழி, கழுவும்போது கை நழுவி சிமெண்டுத் தரையிலோ பீங்கான் தொட்டியிலோ விழுவது. இது அடி, முன்னது அயர்வு. இரண்டையும் ஒரே சொல்லில் 'வலு' என்று சொல்லிவிடுவதால்தான், பல்செட்டுக்கு வலுவூட்டக் கலக்கும் நானோ தூள் (நானோமீட்டர் அளவிலான மிக நுண்ணிய துகள்கள்) பற்றிய பேச்சில் பாதிக் குழப்பம் வருகிறது. வளைவலு, அதாவது வளைக்கும்போது உடையாமல் தாங்கும் வலு, கூடிய பொருள் அடியையும் தாங்கும் என்ற உறுதி கிடையாது. விறைப்பு கூடிய ரெசின் (பல்செட் செய்யும் பிளாஸ்டிக்) தரையில் விழுந்தால் முன்னைவிடச் சுலபமாகச் சிதறுவதும் உண்டு.

வேலூர் வட்டாரத்தில் இந்தப் பேச்சுக்குத் தனி இடம் உண்டு. சி.எம்.சி. மருத்துவமனையில் பல் மருத்துவத் துறை இருக்கிறது, காட்பாடியில் வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் நானோ ஆய்வு நடக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே, வேலூர், ஆற்காடு, குடியாத்தம், ஆம்பூர் போன்ற ஊர்களில் பல்செட் செய்து தரும் சின்னச் சின்ன லேபுகள். நானோ சிர்கோனியா (சிர்கோனியம் ஆக்சைடு), நானோ சிலிக்கா (சிலிக்கன் ஆக்சைடு) என்று பாக்கெட்டில் தூள் வாங்கக் கிடைக்கிறது. பட்டமேற்படிப்பு ஆய்வேடுகளில் அது நல்ல முடிவு தருவதாகவும் எழுதியிருக்கிறது. ஆகவே பவுடரில் ஒரு கரண்டி கலந்தால் என்ன என்று தோன்றுவது இயல்பு. கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு, முதலில் அக்ரிலிக் எப்படி இறுகுகிறது என்று பார்க்க வேண்டும்.

மணிகளும் இடைவெளியும்

பல்செட்டின் இளஞ்சிவப்பு அடித்தளம் பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட், சுருக்கமாக பிஎம்எம்ஏ. 1937ஆம் ஆண்டு வால்டர் ரைட் இதைப் பல்செட்டுக்குக் கொண்டுவந்தார். அதுவரை ஆண்ட வல்கனைட் ரப்பரைப் பத்தே ஆண்டுகளில் ஓரங்கட்டிவிட்டது. இன்றும் ஹீட் க்யூர் (சூட்டில் இறுகும் வகை) என்று நாம் வாங்கும் பாட்டில்கள் அதே வேதியியல்தான். பவுடரில் ஏற்கெனவே பாலிமராக்கப்பட்ட (சிறு மூலக்கூறுகள் நீண்ட சங்கிலியாகக் கோத்த) நுண்மணிகளும், வினையைத் தொடங்கிவைக்கும் பென்சாயில் பெராக்சைடும், நிறமும் இருக்கும். லிக்விடில் மெத்தில் மெத்தாக்ரிலேட் மானோமர் (அந்தச் சங்கிலியின் தனிக் கண்ணி), பாட்டிலிலேயே இறுகிவிடாமல் தடுக்கக் கொஞ்சம் ஹைட்ரோகுயினோன், சங்கிலிகளைக் குறுக்கே கட்டும் ஒரு டைமெத்தாக்ரிலேட்.

மானோமர் மட்டும் பாலிமரானால் கன அளவில் சுமார் 21 சதவீதம் சுருங்கும். மணிகளோடு, கன அளவில் 3 பங்கு பவுடருக்கு 1 பங்கு லிக்விட் என்று சேர்ப்பதால் சுருக்கம் 7 சதவீதத்துக்குள் அடங்குகிறது. கலந்ததும் மணல்போல இருக்கும். பிறகு நூல் விடும். அப்புறம் ஜாரின் சுவரை விட்டு மாவுபோல உருண்டு வரும். அந்த மாவு நிலையில்தான் பிளாஸ்கில், அதாவது பல்செட்டின் அச்சுள்ள பெட்டியில், நிரப்ப வேண்டும். மணிகள் முழுதாகக் கரைவதில்லை. வெளிப்புறம் ஊறி உப்பும், உள்ளே மணி மணியாகவே நிற்கும். மணிகளுக்கு இடையில் நுழைந்த மானோமர் சூட்டில் இறுகி அவற்றைப் பிணைக்கும். முடிந்த பல்செட்டை நுண்ணோக்கியில் பார்த்தால் ஜல்லியும் சிமெண்டும் சேர்ந்த காங்கிரீட் தளம் மாதிரிதான் இருக்கும்.

நானோ தூள் உட்காருமிடம் இதனால் தீர்மானமாகிவிடுகிறது. ஏற்கெனவே இறுகிய மணிக்குள் தூள் போக வழியில்லை. அது மணிகளின் மேல்தோலிலும், இடைவெளியில் புதிதாக இறுகும் பகுதியிலும் மட்டுமே தங்கும்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு முழுப் பல்செட்டுக்கு 24 கிராம் பவுடர், 10 மில்லி லிக்விட் என்று வைத்துக்கொள்ளலாம். லிக்விடின் அடர்த்தி 0.94 என்பதால் அது 9.4 கிராம். 'பவுடர் எடையில் 3 சதவீதம் சிர்கோனியா' என்று ஆய்வேடு சொன்னால் 0.72 கிராம் தூள். அந்த அளவு பவுடரைக் குறைத்துவிட்டு இதைச் சேர்த்தால், முடிந்த பல்செட்டில் அதன் பங்கு எடையில் 2.2 சதவீதம்தான். ஆனால் அந்த 0.72 கிராமும் முக்கியமாக அந்த 9.4 கிராம் மானோமர் இறுகும் பகுதிக்குள்ளேயே நெரிசலாக நிற்கிறது. அங்கே மட்டும் பார்த்தால் செறிவு 7 சதவீதத்தைத் தொடுகிறது. மொத்தத்தில் குறைவு, இடைவெளியில் நெரிசல்: தூள் கட்டி தட்டுவதற்கு இதைவிட வசதியான சூழல் கிடையாது. 5 சதவீதம், 7 சதவீதம் என்று ஏற்றிக்கொண்டே போகும் ஆய்வுகள் பலவற்றில் ஒரு கட்டத்துக்குப் பிறகு வலு இறங்குவதற்கு முதற்காரணம் இதுதான்.

எடையில் சொல்லும் சதவீதத்துக்கு இன்னொரு ஏமாற்று உண்டு. சிர்கோனியாவின் அடர்த்தி சுமார் 6, சிலிக்கா 2.2, இறுகிய அக்ரிலிக் 1.19. எடையில் 3 சதவீதம் சிர்கோனியா கன அளவில் வெறும் 0.6 சதவீதம், எடையில் 1 சதவீதம் சிலிக்காவும் கன அளவில் ஏறக்குறைய அவ்வளவே. 'சிலிக்கா 1 சதவீதத்திலேயே போதும், சிர்கோனியாவுக்கு 3 வேண்டும்' என்ற பேச்சில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை என்பது இதிலிருந்து தெரியும். விரிசல் சந்திப்பது துகளின் கன அளவையும் பரப்பையும்தான். தராசு காட்டும் எடை அதற்குத் தெரியாது.

பரப்பு, ஒட்டு, சிலேன்

40 நானோமீட்டர் விட்டமுள்ள சிர்கோனியாத் துகள் ஒரு கிராமுக்கு சுமார் 25 சதுர மீட்டர் மேற்பரப்பு உண்டு. நம் 0.72 கிராமில் ஏறத்தாழ 3,600 லட்சம் கோடி துகள்கள், மொத்தப் பரப்பு 18 சதுர மீட்டர். 20 நானோமீட்டர் சிலிக்காவுக்குக் கிராமுக்கு 136 சதுர மீட்டர்; அதுவே 1 மைக்ரோமீட்டர் துகளாக இருந்தால் மூன்றுகூடத் தேறாது. நானோ தூளின் பலன் முழுவதும் இந்தப் பரப்பில்தான் இருக்கிறது. வந்துகொண்டிருக்கும் விரிசல் துகளைச் சுற்றி வளைய வேண்டும், திசை மாற வேண்டும், ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஆற்றல் செலவாகும். துகளுக்குப் பக்கத்திலுள்ள பாலிமர்ச் சங்கிலி அசைய முடியாமல் கட்டுப்படும், ரெசின் விறைக்கும்.

ஆனால் துகளின் மேல்தோல் தண்ணீர் விரும்பி. ரெசின் தண்ணீர் விலக்கி. சும்மா கலந்தால் துகள்கள் ரெசினை விட்டுவிட்டு ஒன்றையொன்று கட்டிக்கொள்ளும். கட்டிக்குள் ரெசின் நுழையாது, உள்ளே காற்று. அப்படியொரு பத்து மைக்ரோமீட்டர் கட்டி, விரிசலைத் தடுக்க மாட்டாது, அதுவே விரிசல் தொடங்கும் புள்ளி. இந்த நிலையில் 'நானோ தூள்' சேர்த்ததாகச் சொல்வது பெயரளவுக்குத்தான். உண்மையில் சேர்த்தது ஒட்டாத மைக்ரோ தூசி.

இதற்கான மருந்து சிலேன். மெத்தாக்ரிலாக்சிபுரொப்பைல் டிரைமெத்தாக்சி சிலேன் என்ற நீளப் பெயர் கொண்டது. ஒரு முனை துகளின் மேலுள்ள ஹைட்ராக்சிலோடு பிணையும். மறுமுனையில் இருக்கும் மெத்தாக்ரிலேட், மானோமரோடு சேர்ந்து சங்கிலியில் கோத்துக்கொள்ளும். பரவலாகச் செய்யும் முறை இது: 70 பங்கு எத்தனால், 30 பங்கு வாலைவடிநீர்; அசிட்டிக் அமிலம் சொட்டுச் சொட்டாக விட்டு பிஎச் 4க்கும் 5க்கும் இடையில் நிறுத்துவது; சிலேனை ஊற்றி ஒரு மணி நேரம் கலக்குவது. சிலேன் எவ்வளவு என்பது தூளின் பரப்பைப் பொறுத்தது. துகள் எடையில் 5 முதல் 10 சதவீதம் என்பது பரவலான தொடக்க அளவு, துகள் சின்னதானால் அளவு கூடும். பிறகு தூளைப் போட்டு அல்ட்ராசோனிக் அலையில் கட்டி உடைத்து, பல மணி நேரம் கலக்கவிட்டு, எத்தனாலில் கழுவி மிச்சச் சிலேனை நீக்கி, மிதமான சூட்டில் உலர்த்த வேண்டும். சூட்டைக் கூட்டினால் மெத்தாக்ரிலேட் முனை அங்கேயே தன்னோடு தானே இறுகிவிடும். அப்புறம் ரெசினோடு சேர மிச்சம் ஒன்றும் இருக்காது. கழுவாமல் விட்டால் துகளின் மேல் சிலேன் பல அடுக்காகப் படிந்து வழுக்கலாகும். அதுவும் பலவீனம்தான்.

சிலிக்காவுக்கு இந்த ஒட்டு நன்றாக வேலை செய்யும். சிர்கோனியாவின் கதை வேறு. அதன் மேல் ஹைட்ராக்சில் குறைவு, சிலேனோடு உண்டாகும் பிணைப்பு ஈரத்தில் மெல்ல விட்டுக்கொடுக்கும். வாய்க்குள் வருடக்கணக்கில் ஊறும் பொருளுக்கு இது சின்னக் குறையல்ல. பாஸ்பேட் முனை கொண்ட எம்டிபி மானோமர் சிர்கோனியாவைச் சிலேனைவிட உறுதியாகப் பற்றும். கிரௌன் (பல்லின் மேல் மாட்டும் உறை) ஒட்டும் சிமெண்டுகளில் அது இருப்பது அதற்காகத்தான். பல்செட் ஆய்வுகளில் பெரும்பாலும் சிலேனோடு நின்றுவிடுகிறார்கள்.

சிர்கோனியா பற்றி அடிக்கடி ஒப்பிக்கப்படும் ஒரு விளக்கமும் உண்டு. விரிசல் நெருங்கும்போது துகளின் படிக அமைப்பு டெட்ராகோனலிலிருந்து மோனோகிளினிக்காக மாறும், 4 சதவீதம் போல உப்பும், விரிசலை நெருக்கி மூடும் என்பார்கள். முழுச் சிர்கோனியா கிரௌனில் அது உண்மை. மெத்தென்ற அக்ரிலிக்குக்குள் சிதறிக்கிடக்கும் 40 நானோமீட்டர் துகளுக்கு அந்த அளவு அழுத்தம் போய்ச் சேராது. அவ்வளவு சின்னத் துகளில் டெட்ராகோனல் அமைப்பு எளிதில் மாறவும் மாறாது. நல்ல விளக்கம், ஆனால் இடம் மாறி வந்துவிட்டது.

எதில் கலப்பது

இரண்டு வழி இருக்கிறது. பவுடரோடு உலர்வாகக் கலப்பது ஒன்று. உரலில் அரைத்தாலும் ஜாரில் குலுக்கினாலும் தூள் மணிகளின் மேல் ஒட்டிக்கொள்ளும். சீராக இருப்பதுபோலத் தெரியும், ஆனால் கட்டிகள் கட்டிகளாகவே இருக்கும். லிக்விடில் கலப்பது மேல். முனை வைத்த சோனிகேட்டரால் சில நிமிடம் அலை கொடுத்தால் கட்டிகள் உடையும். மெத்தில் மெத்தாக்ரிலேட்டின் தீப்பற்று வெப்பநிலை சுமார் 10 டிகிரி செல்சியஸ். அதாவது நம் ஊரில் வருடம் முழுக்க, பாட்டிலைத் திறந்த மாத்திரத்தில் அதன் ஆவி தீப்பிடிக்கத் தயார். ஆகவே பீக்கரை ஐஸ் தொட்டியில் வைத்து, விட்டு விட்டு அலை கொடுத்து, பக்கத்தில் பன்சன் அடுப்போ மெழுகு உருக்கும் சுடரோ இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முன்னும் பின்னும் எடை போட்டு, ஆவியான லிக்விடைத் திரும்பச் சேர்க்க வேண்டும். கலந்ததும் உடனே பவுடரில் ஊற்ற வேண்டும். தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் சிர்கோனியா மறுபடி கட்டி தட்டி அடியில் படியத் தொடங்கிவிடும்.

தூள் சேர்ந்தால் மானோமர் மணிகளை நனைப்பது குறையும், கலவை வறண்டு நிற்கும். 'கொஞ்சம் லிக்விட் கூட ஊற்று' என்று கை தானாகப் போகும். ஊற்றினால் சுருக்கமும் மிச்ச மானோமரும் கூடும். நானோவால் வந்த லாபம் அங்கேயே போய்விடும்.

கத்திரி வெயிலில் ஒரு பிளாஸ்க்

அக்ரிலிக்கின் வேலை நேரத்தைத் தயாரிப்பாளர் சொல்வது 23 டிகிரி அறையை நினைத்து. வேலூரில் மே மாதம் வெளியே 40 டிகிரிக்கு மேல். ஏசி இல்லாத மாடி லேபுக்குள் அதற்குச் சற்றே குறைவு. மாவு நிலை சீக்கிரம் வந்து சீக்கிரம் போய்விடும். மூன்றாவது தடவை பாலிதீன் தாள் வைத்து அழுத்திப் பார்ப்பதற்குள் மாவு ரப்பராகிவிட்டால், பிளாஸ்க் முழுதாக மூடாது. பல் உயரம் கூடும், விவரங்கள் பதியாது. மூடி வைக்காத ஜாரிலிருந்து மானோமர் ஆவியானால் வெள்ளைப் புள்ளிகளாகத் துளைகள். ஜாரை ஃபிரிட்ஜில் வைத்துக் குளிர வைப்பது நல்ல வழிதான்; திறக்கும்போது உள்சுவரில் ஈரம் பூத்திருந்தால் துடைக்க வேண்டும். தண்ணீர் கலந்த மாவும் துளைவிடும்.

பிளாஸ்கை வெந்நீர்த் தொட்டியில் சமைப்பதில் இரண்டு முறை வழக்கம். 74 டிகிரியில் 8 மணி நேரம். அல்லது 74 டிகிரியில் 2 மணி நேரம் வைத்து, பிறகு 100 டிகிரியில் 1 மணி நேரம். பெராக்சைடு 60 டிகிரியைத் தாண்டியதும் உடையத் தொடங்கி வினை கிளம்பும். வினையே சூடு விடும். மானோமர் கொதிப்பது 100.8 டிகிரியில். அவசரத்துக்கு நேரே கொதிநீரில் போட்டால் கனமான பகுதியின் உட்பக்கம் அந்தப் புள்ளியைத் தாண்டி, மானோமர் உள்ளேயே கொதித்துக் குமிழிகளை விட்டுப் போகும். கீழ்ப் பல்செட்டின் பின்பக்கம் தடித்த இடத்தில் இந்தத் துளைகளைப் பார்க்கலாம். இரண்டாவது முறையில் கடைசி 100 டிகிரி சுற்றைத் தவிர்த்தால் மெல்லிய இடங்களில் மானோமர் மிச்சமாகும். அந்த மிச்சம் பாலிமருக்குள் எண்ணெய்போல இருந்து அதை மென்மையாக்கும், வாயை எரிக்கவும் செய்யும். ஹீட் க்யூருக்கு ஐஎஸ்ஓ 20795-1 தரம் அனுமதிக்கும் மிச்ச மானோமர் 2.2 சதவீதம்.

இந்த ஊரில் இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று கரண்ட். இரண்டாம் மணி நேரத்தில் மின்சாரம் போனால், வந்த பிறகு எஞ்சிய நேரத்தை ஓட்டினால் போதும் என்று நினைக்கக் கூடாது. தண்ணீர் மீண்டும் 74க்கு வந்த நேரத்திலிருந்து அந்தச் சுற்றை முழுதாகத் திரும்ப எண்ண வேண்டும். இரண்டாவது தண்ணீர். பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பும் கடினமும் மிகுந்தது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிடும் கழிவு அதை இன்னும் கெடுத்திருக்கிறது. கியூரிங் தொட்டியில் போர் தண்ணீரை ஊற்றிக் கொதிக்க வைத்தால் வெள்ளைப் படிவம் ஹீட்டர் சுருளிலும் உணரியிலும் ஏறும். உணரி தாமதமாகச் சூட்டை உணர்வதால் தொட்டி 74ஐத் தாண்டி ஏறி இறங்கும். காட்டும் எண் ஒன்று, பிளாஸ்க் பட்ட சூடு வேறு. தனியாக ஒரு தெர்மாமீட்டர் வைத்துச் சரிபார்ப்பதும், மாதம் ஒருமுறை வினிகரில் படிவத்தைக் கரைப்பதும் நானோ தூள் பாக்கெட்டைவிட மலிவு.

இதையெல்லாம் இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் இருக்கிறது. துளையும் மிச்ச மானோமரும் உள்ள அக்ரிலிக்கில் நானோ தூளால் வரும் சில சதவீத லாபம் தேடினாலும் கிடைக்காது. ஆய்வகத்தில் அது தெரிவதற்குக் காரணம், அங்கே ஒப்பிடப்படும் சாதா அக்ரிலிக்கும் ஒழுங்காகச் சமைக்கப்பட்டது என்பதுதான்.

தூள்களில் எது

சிர்கோனியா வெள்ளை என்பதால் இளஞ்சிவப்பு நிறம் கொஞ்சம் வெளிறும், ஒளிபுகும் தன்மை குறையும்; மற்றபடி உடலுக்குப் பழகிய பொருள். சிலிக்கா நிறத்தைக் கெடுப்பது குறைவு, சிலேனோடு இசைவு அதிகம். 1 சதவீதத்தைத் தாண்டினால் கட்டி தட்டும் ஆபத்து வேகமாக ஏறும். டைட்டானியம் டைஆக்சைடு கிருமி எதிர்ப்புக்காகச் சேர்க்கப்படுகிறது, ஆனால் அதற்குப் புறஊதா வெளிச்சம் வேண்டும். வாய்க்குள் அது எங்கிருந்து வரும் என்பது வேறு கேள்வி. அதே வெளிச்சம் பட்டால் சுற்றியுள்ள பாலிமரையும் அது அரிக்கும். வெள்ளி, கேண்டிடா பூஞ்சையை அடக்குவதில் வல்லது. பல்செட்டுக்கு அடியில் அண்ணம் சிவந்து புண்ணாகும் முதியவர்களுக்கு அது ஆசைகாட்டும். ஆனால் ரெசினைப் பழுப்பாக்கும், அளவு கூடினால் வலுவைக் குறைக்கும். அலுமினா சூடு கடத்துவதைக் கூட்டும். சூடான காப்பியின் சூடு அண்ணத்துக்குத் தெரிவது சிலருக்கு நன்மையே. கார்பன் நானோக்குழாய் தன்னளவில் மிக வலுவானது, நிறத்தில் கரி. கிராஃபீன் சேர்த்த அக்ரிலிக் வட்டுகள் மில்லிங் இயந்திரத்துக்குத் தயாராக விற்பனைக்கு வந்திருக்கின்றன. அதில் கலப்பது தொழிற்சாலையின் வேலை, நாம் அறுத்து எடுப்பது மட்டும்தான்.

அடியால் உடையும் பல்செட்டுக்கு இவை எதுவும் முதல் தேர்வல்ல. ரப்பர் துகள் கலந்த ஹை இம்பாக்ட் அக்ரிலிக் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. அந்த வகைக்கு ஐஎஸ்ஓ கேட்பது 900 ஜூல் முறிவு ஆற்றல், ஒரு சதுர மீட்டருக்கு. அயர்வால் உடைவதற்கு, விரிசல் போகும் பாதைக்குக் குறுக்கே வைத்த கண்ணாடி இழை நானோ தூளைவிட நம்பத்தக்கது. அதற்கும் முன்னால், முன்விளிம்புப் பள்ளத்தைக் கூர்மூலையாக விடாமல் வட்டமாக்குவது, நடுமேட்டுக்கு மேல் ரிலீஃப் (பல்செட் அழுந்தாதபடி சிறு இடைவெளி) கொடுப்பது, அண்ணத்தில் 2 மில்லிமீட்டர் கனம் காப்பது. இவற்றுக்குச் செலவே இல்லை.

நானோ ஏற்கெனவே வென்ற இடம்

பல் அடைக்கும் காம்போசிட்டில் நிலைமை தலைகீழ். அங்கே நானோ புதுசே இல்லை. 1960களின் தொடக்கத்தில் ரஃபேல் போவன் பிஸ்-ஜிஎம்ஏ ரெசினைக் கொடுத்த பிறகு, 1970களிலேயே 40 நானோமீட்டர் சிலிக்கா போட்ட மைக்ரோஃபில் காம்போசிட்டுகள் வந்துவிட்டன. 'நானோ' என்ற சொல்லுக்கு அப்போது சந்தை மதிப்பு இல்லை, அவ்வளவுதான். அவற்றின் தொல்லை, பரப்பு கூடியதால் ரெசின் கெட்டியாகி, எடையில் பாதிக்கு மேல் தூள் ஏற்ற முடியாமல் போனது. பளபளப்பு வந்தது, வலு வரவில்லை.

இதை அவிழ்த்தது கொத்து உத்தி. நம் ஊர் கிளினிக்குகளில் பழக்கமான ஃபில்டெக் இசட்350 எக்ஸ்டி எடுத்துக்கொண்டால், 20 நானோமீட்டர் சிலிக்கா, 4 முதல் 11 நானோமீட்டர் சிர்கோனியா, இவை தனித்தனியாகவும் மைக்ரோமீட்டர் அளவுக் கொத்துகளாகவும் சேர்ந்து எடையில் 78.5 சதவீதம். கொத்துகளின் இடுக்குகளில் தனித்துகள்கள் போய் உட்காரும். தேயும்போது கொத்து முழுதாகப் பெயராமல் துகள் துகளாக உதிர்வதால் பளபளப்பு நிலைக்கும். இங்கே கொத்து பலமாவதும் பல்செட்டில் கட்டி பலவீனமாவதும் முரண்போலத் தெரியும். வித்தியாசம், இந்தக் கொத்துகள் தொழிற்சாலையில் திட்டமிட்டுச் செய்து, சிலேன் உள்ளே வரை ஊற வைத்தவை.

இவ்வளவும் செய்த பொருளைக் கெடுப்பதும் சுலபம். 2 மில்லிமீட்டருக்கு மேல் ஒரே அடுக்காக வைத்தால் அடிப்பகுதி இறுகாது. வெளிச்சம் பட்டதும் காம்போசிட் இறுகுவதைத் தொடங்கிவைக்கும் கேம்ஃபர்குயினோன், நீல வெளிச்சத்தை 468 நானோமீட்டர் பக்கம்தான் அதிகம் உறிஞ்சும். நுனியில் பழைய ரெசின் ஒட்டிய, வெளிச்சம் மங்கிய விளக்கு 20 விநாடி எரிந்தாலும் பலனில்லை. விளக்கின் வெளிச்ச அளவைக் காட்டும் ரேடியோமீட்டரில் வாரம் ஒருமுறை பார்ப்பது நல்லது. வெயில் வண்டியில் வந்திறங்கிய சிரிஞ்சை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, பயன்படுத்துமுன் அறைச் சூட்டுக்கு வரவிட வேண்டும்.

3டி பிரிண்டர் ரெசினில் நானோ சேர்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வரி: தூள் வெளிச்சத்தைச் சிதறடிக்கும், அடுக்கின் ஆழம் குறையும், தொட்டியின் அடியில் படியும், தலைப்பக்கமும் அடிப்பக்கமும் வெவ்வேறு பொருளாக அச்சாகும்.

ஆய்வேட்டைப் படிக்கும்போது

ஐஎஸ்ஓ சோதனைப் பட்டை 64 மில்லிமீட்டர் நீளம், 10 அகலம், 3.3 கனம். 37 டிகிரித் தண்ணீரில் 50 மணி நேரம் ஊறவைத்து, 50 மில்லிமீட்டர் இடைவெளித் தாங்கிகளில் வைத்து நடுவில் அழுத்துவார்கள். ஹீட் க்யூர் தாண்ட வேண்டிய வளைவலு 65 மெகாபாஸ்கல். அந்தப் பட்டையில் இது சுமார் 94 நியூட்டன், ஒன்பதரைக் கிலோ பாரத்துக்குக் கிட்டே. உலர்ந்த பட்டையைச் சோதித்தால் எண் கூடித் தெரியும், ஆகவே ஊறவைத்தார்களா என்பதை முதலில் பார்க்க வேண்டும். சதவீதம் பவுடரில் கணக்கிட்டதா, மொத்தத்திலா? சிலேன் போட்டதா? உடைந்த முகத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் காட்டியிருக்கிறார்களா, அதில் கட்டிகள் தெரிகின்றனவா? சாதா அக்ரிலிக்கே 65ஐத் தொடாத ஆய்வில், நானோ சேர்த்தபின் 30 சதவீதம் உயர்வு என்று வந்தால், அங்கே உயர்ந்தது வேறு ஏதோ. ஒரே தடவை உடைத்துப் பார்த்த எண், அயர்வைப் பற்றி ஒன்றும் சொல்லாது என்பதையும் மறக்கக் கூடாது.

நோயாளி வாயில் போகும் பல்செட்டில் பாக்கெட் தூளைக் கலப்பது வேறு கேள்வி. உற்பத்தியாளர் சோதித்து உரிமம் பெற்றது அவருடைய பவுடருக்கும் லிக்விடுக்கும். 2017 மருத்துவக் கருவிகள் விதிகளின் பின்னணியில் பார்த்தால், நாம் கலந்து மாற்றியது வேறொரு பொருள். உடைந்தால், புண்ணானால், பொறுப்பு கலந்தவருடையது. லேப் ஆட்களுக்கும் ஆபத்து உண்டு. உலர்ந்த நானோ தூள் எடை போடும்போதே காற்றில் எழும். சாதாரணத் துணி முகக்கவசம் அதைத் தடுக்காது, என்-95 வேண்டும், மின்விசிறியை அணைக்க வேண்டும். ட்ரிம் செய்யும்போது ஈரமாக உரசுவதும் உறிஞ்சி வைப்பதும் சாதா அக்ரிலிக்குக்கே தேவை. மாவை லேடெக்ஸ் கையுறையோடு பிசைவது வெறுங்கைக்குச் சமம். மானோமர் சில நிமிடத்தில் ஊடுருவிவிடும்.

உடைந்ததை ஒட்டும்போது நானோ கலந்த செல்ஃப் க்யூர் (சமைக்காமலே இறுகும் அக்ரிலிக்) உதவுமா என்றும் கேட்கிறார்கள். ஒட்டிய பல்செட் மீண்டும் உடைவது பெரும்பாலும் பழைய அக்ரிலிக்கும் புதியதும் சந்திக்கும் கோட்டில். நடுவில் நிரப்பும் ரெசினை எவ்வளவு வலுவாக்கினாலும் அந்தக் கோடு அப்படியேதான் இருக்கும். இரு விளிம்பையும் 45 டிகிரியில் சாய்த்து, இடைவெளி 3 மில்லிமீட்டருக்குள் வைத்து, விளிம்புகளை மானோமரால் 180 விநாடி நனைத்தபடி வைத்திருந்தால் பழைய அக்ரிலிக்கின் மேல்தோல் ஊறி, புதியதோடு பின்னிக்கொள்ளும். ஒரு தடவை தூரிகையால் தடவிவிட்டு உடனே நிரப்புவதுதான் பல இடங்களில் நடக்கிறது. நிரப்பியதும் திறந்த மேசையில் விடாமல், 40 முதல் 45 டிகிரி வெந்நீர் உள்ள அழுத்தக் கலத்தில் (பிரஷர் பாட்) சதுர அங்குலத்துக்கு 20 முதல் 30 பவுண்டு அழுத்தத்தில் கால் மணி நேரம் வைக்க வேண்டும். நடுக்கோட்டுக்குக் குறுக்கே ஒரு துண்டு கண்ணாடி இழையை, உடைவு விரியும் பக்கத்துக்கு அருகில் பதித்த பிறகே அதில் வைக்க வேண்டும்.